மருதனின் மீசையை எடுத்தது யார்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரியில் ஜனவரி முதல் மே வரை ஓர் எழுத்துகூட இல்லை. பொங்கலுக்கு மச்சான் கொடுத்தது. அதாவது என் மனைவி மேகலாவின் அண்ணன் துரைசாமி. காந்திபுரத்தில் வெட் கிரைண்டர் கடை வைத்திருக்கிறார், அதனால் ஒவ்வொரு மாதத்தின் முதல் பக்கத்திலும் ஒரு கிரைண்டர் படம். ஜூனுக்குச் சாய்த்து ஊற்றும் வகை. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், வெளியே சொல்ல முடியாத ஒரு வயிற்றெரிச்சல்.

காலை பதினொரு மணிக்கு எங்கள் 'வாள்மருதன்' கேமின் புது ட்ரெய்லர் வெளியானது. வாள்மருதன் இருபத்தோரு வருடமாக வந்துகொண்டிருக்கும் சண்டை விளையாட்டு. சரவணம்பட்டியில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோதான் தயாரிக்கிறது. இதுவரை ஐந்து பாகம். மருதன் என்று ஒரு வீரன், ஒரு வாள், கணக்கில்லாத எதிரிகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மீசை. மருதனுக்குக் கோபம் ஏற ஏற மீசையின் நுனி மேலே எழும். முழுக்க எழுந்த பிறகு பொத்தானை அழுத்தினால் எதிரிகள் கொத்தாகப் பறப்பார்கள். மீசையைப் பார்த்துப் பார்த்து விளையாடியே ஒரு தலைமுறைக்குக் கண் பழகிவிட்டது.

ஆறாவது பாகம் ரீபூட். பழைய ஐந்தையும் ஓரமாக வைத்துவிட்டு, மருதனின் பத்தொன்பது வயதிலிருந்து கதையைப் புதிதாகத் தொடங்குகிறோம். இயக்குநர் சுடர்விழி. ட்ரெய்லரில் மருதன் குதிரையில் வருகிறான், நிறுத்துகிறான், திரும்பிப் பார்க்கிறான். மேலுதடு பளிங்குத் தரை மாதிரி இருக்கிறது.

மீசை இல்லை.

இது சுடர்விழியின் முடிவு. தொழில்நுட்பக் காரணங்களும் கொஞ்சம் உண்டு. அவை இங்கே தேவையில்லை. கேமில் வரும் முடியும் துணியும் காற்றில் எப்படி அசைய வேண்டும் என்று பார்ப்பதுதான் என் வேலை. ஏழு மாதம் அந்த மீசைக்கு உழைத்தேன் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

'கிடாமீசை' என்ற பெயரில் யாரோ நேற்று மதியம் இணையத்தில் ஒரு பதிவு போட்டிருக்கிறார். "மருதனின் மீசையை எடுத்தது யார்?" என்று ஒரே வரி. கீழே ஐந்து பாகங்களிலும் வந்த மருதனின் ஐந்து முகங்கள். ஆறாவது இடத்தில் உரித்த முட்டை. பன்னிரண்டாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். முட்டையைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல ரசனை தெரிகிறது.

சாயங்காலம் கொத்தமல்லி மறந்துவிட்டேன். மறுபடி போய் வாங்கி வந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மேகலா இந்த டைரியைத் தொடமாட்டாள். அண்ணன் கடைப் பெயர் அச்சடித்த எதையும் அவளுக்குப் பிடிக்காது. ஆகவே எழுதிவிடலாம். கிடாமீசை நான்தான்.

விளையாட்டாகத்தான் செய்தேன். தயிர்சாதம் சாப்பிட்டு முடித்தபோது இடைவேளையில் இன்னும் கால்மணி நேரம் மிச்சம் இருந்தது. பெயர் உருவாக்க இரண்டு நிமிடம், முட்டை தேட எட்டு நிமிடம். இன்றைக்குக் கிடாமீசையை முப்பத்தோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். பிரகதீஸ்வரன் என்ற என் சொந்தப் பெயரில் நூற்றுப் பதினான்கு பேர். அதில் இரண்டு பேர் என் மாமனார். ஒரு கணக்கின் கடவுச்சொல் மறந்துபோய் இன்னொன்று தொடங்கினார்.

ரசிகர்களின் கோபத்தைப் படிக்கப் படிக்க மனது குளிர்கிறது. "அந்த மீசையைச் செய்த கைக்குத் தங்கக் காப்பு போடணும், எடுத்த கைக்கு விலங்கு போடணும்" என்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். முதல் பாதியை மூன்று தடவை படித்தேன்.

ஜூன் 9, திங்கள்

காலையில் மீட்டிங். முதலாளி நாச்சிமுத்து சார் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். முதல் பாகத்தை ஒற்றை ஆளாக எழுதியவர். மருதனின் மீசையே அவருடைய மீசையைப் பார்த்து வரைந்ததுதான். இப்போது அது நரைத்துவிட்டது, ஆனால் உயரம் குறையவில்லை.

"ஏம்மா சுடர், ஊரே கேக்குது. மீசைய ஏன் எடுத்தோம்?" என்றார்.

சுடர்விழி நோட்டை மூடினார். "அவனுக்குப் பத்தொன்பது வயசு சார். இன்னும் ஆளாகல. மீசை அவன் சம்பாதிக்க வேண்டியது. அது என் முடிவு."

இதைச் சொல்லும்போது ஒரு கணம் என்னைப் பார்த்தார். எதற்கு என்று தெரியவில்லை. நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டினேன்.

"அப்ப சரி. ஆனா இந்தக் கிடாமீசை யாருன்னு தெரியோணும். பிரகதீஷ், மீசையப் பத்தி இங்க உன்னைவிடத் தெரிஞ்சவன் யாரு? தினமும் அவன் என்ன எழுதறான்னு பாத்து எனக்கு ஒரு பக்கம் ரிப்போர்ட் குடு."

"சரிங்க சார்" என்றேன்.

முதல் ரிப்போர்ட்டை மூன்று மணிக்குக் கொடுத்துவிட்டேன். நகல்: 'கிடாமீசை என்பவர் நடுத்தர வயதினர். நடையைப் பார்த்தால் திருநெல்வேலிப் பக்கம். அநேகமாக மீன் வியாபாரம். கூர்மையான அறிவு, ஆழ்ந்த ரசனை. ஆபத்தானவர் அல்ல.'

ஜூன் 14, சனி

மச்சான் வந்தார். நாற்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், ஊரில் நல்ல பெயர். ஆனால் வாள்மருதன் மூன்றாம் பாகத்தை ஒரு அடிகூட வாங்காமல் முடித்தவர் என்பதுதான் அவருக்குப் பெருமை. மருதன் மாதிரியே மீசை வைத்திருக்கிறார், பதினெட்டு வருடமாக.

உட்காரும் முன்பே தொடங்கிவிட்டார். "மாப்ள, நீங்க அங்கதான வேல பாக்கறீங்க? ஒரு வார்த்த எதுத்துப் பேசலீங்களா?"

"நம்ம கையில என்னங்க மச்சான் இருக்கு."

"அந்தக் கிடாமீசைன்னு ஒரு மனுசன் இருக்காரு பாருங்க. யாருன்னே தெரியல. ஆனா ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே என்ற மனசுல இருக்கறது. அவரு நாளைக்கு ரயில் முன்னால படுன்னா படுத்துருவேன்."

"படுப்ப, படுப்ப" என்றாள் மேகலா சமையலறையிலிருந்து.

எனக்குப் புரையேறியது. மச்சான் தலையில் தட்டி, "யாரோ நெனைக்கறாங்க" என்றார்.

ஜூன் 16, திங்கள்

இன்று கிடாமீசை எழுதியது: 'மீசையில்லாமல் நிற்கும் மருதனுக்கு நாமே மீசை தானம் செய்வோம். எடுங்கள், உறையில் போடுங்கள், ஸ்டுடியோவுக்கு அனுப்புங்கள்.'

யாராவது நிஜமாகச் செய்வார்களா என்ன.

ஜூன் 19, வியாழன்

செய்கிறார்கள். இன்று மட்டும் இருநூற்றுப் பதினேழு உறைகள்.

வரவேற்பில் இருக்கும் பிரேமாக்கா முதல் நான்கைப் பிரித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை முடி. கறுப்பு, நரை, மருதாணிச் சிவப்பு. ஒன்று ஆட்டு முடி என்று நாச்சிமுத்து சார் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார். பொள்ளாச்சியிலிருந்து வந்த உறையில் ஒரு துண்டுச் சீட்டு: 'வீட்டில் கேட்டால் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து பதில் போட வேண்டாம்.'

"இதையெல்லாம் என்னங்க தம்பி பண்றது?" என்று என்னைக் கேட்டார் பிரேமாக்கா. "குப்பைல போடவும் மனசு வரல. யாரோ ஆச ஆசயா வளத்தது."

ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு என் மேசைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். மீசை சம்பந்தப்பட்டது எல்லாம் என் பொறுப்பாம்.

சுடர்விழி அந்த வழியாகப் போனார். பெட்டியை எட்டிப் பார்த்து, "தலைகாணி தைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குச் சிரிப்பு வருகிறதா என்று கண்டுபிடிப்பது எப்போதும் கஷ்டம்.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். 

காலை எட்டரைக்கு மாமனார் போன். "மாப்பிள்ளை, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. வீட்ல ஒரே கூட்டமா இருக்குது."

மேகலாவும் நானும் வண்டியில் போனோம். மாமனார் வீட்டு வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு. உள்ளே சூலூர்ச் சொந்தம், அவிநாசிச் சொந்தம், கிரைண்டர் கடைக்கு இருபுறமும் கடை வைத்திருப்பவர்கள். ஒருவர் கையில் மாலை, அதைப் பின்னால் மறைத்துப் பிடித்திருக்கிறார். நடு நாற்காலியில் மாமனார். எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மச்சான் முந்தாநாள் மீசையை எடுத்து ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டார். நேற்று மழித்த முகத்தோடு கடையில் போய் உட்கார்ந்தார். பதினெட்டு வருடம் மீசையோடு பார்த்த மனுசன், எழுபத்தாறு வயது அப்பா வீட்டில் இருக்கிறார். பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? அவரிடம் நேரில் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, மதியத்துக்குள் சூலூர் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று காலையில் துக்கம் விசாரிக்க வந்து கதவைத் தட்டினால், திறந்தது மாமனாரே.

"எப்படிப் போச்சுன்னு என்றகிட்டயே கேட்டாங்க மாப்பிள்ளை" என்றார் அவர். "நல்லபடியாத்தான் போச்சுன்னு சொன்னேன். காலைல வாக்கிங் போனதக் கேக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்."

மேகலா அண்ணனைத் தனியாக உள்ளே கூட்டிப்போனாள். சுவர் தாண்டிக் கேட்டது.

"கேமுக்காகவா மீசைய எடுத்தே? உனக்கென்ன பைத்தியமா?"

"கிடாமீசை சொன்னாரு."

"யாருடா அந்த நாசமாப் போனவன்?"

அந்த நேரத்தில் நான் கொல்லைப் பக்கம் போய்க் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல செழிப்பு.

ஜூன் 25, புதன்

சுடர்விழி இன்று விடுப்பு.

ஜூன் 26, வியாழன்

இன்றும் விடுப்பு. பிரேமாக்காதான் காரணம் சொன்னார். மீசையை எடுத்தது யார் என்ற கேள்விக்கு ரசிகர்களே பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஸ்டுடியோவின் பழைய பேட்டி ஒன்றிலிருந்து சுடர்விழியின் படத்தை எடுத்து, அதன்மேல் கிடாமீசையின் வரியைப் பெரிதாக ஒட்டிப் பரப்பியிருக்கிறார்கள். பொம்பளைக்கு மீசையைப் பற்றி என்ன தெரியும் என்பது அதில் மிக மரியாதையான வாசகம். மற்றவற்றை இங்கே எழுத மாட்டேன். யாரோ அவருடைய போன் எண்ணையும் போட்டிருக்கிறார்கள்.

அவருடைய தனிக் கணக்குகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் அவர் எழுதும் பதில்களுக்குக் கீழே இதுவரை அவர் பெயர் இருக்கும். இன்று முதல் 'ஸ்டுடியோ குழு' என்று மாறியிருக்கிறது.

மதியம் கிடாமீசையாக எழுதினேன்: 'நம் சண்டை மீசைக்காக மட்டும். எந்தத் தனி மனிதரையும் தாக்காதீர்கள்.' ஐந்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது: 'கிடாமீசையும் சோரம் போயிட்டான்.' அப்புறம் அதே மாதிரி நானூறு. எனக்கும் திட்டு, அவருக்கும் திட்டு.

கணக்குதான் என் கையில் இருக்கிறது. கூட்டம் இல்லை.

ஜூன் 30, திங்கள்

ரிப்போர்ட் கொடுக்கப் போனேன். நாச்சிமுத்து சார் வாங்கிப் படிக்காமல் மேசையில் வைத்தார்.

"சுடர் திரும்ப வந்துட்டா. பாத்தியா?"

"பாத்தனுங்க சார்."

"வேலைய விட்டுர்றேன்னு சொல்லும்னு நெனச்சேன். சொல்லல. அந்தப் புள்ளைக்கு நெஞ்சுரம் சாஸ்தி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏப்ரல்ல நானே கூப்ட்டுக் கேட்டேன். மீச வேலை அந்தப் பையனால முடியலையா, வேற ஆளப் போடறதான்னு. உன்னத்தான். பிரகதீஷ் மேல ஒரு குறையும் இல்ல சார், கதைக்கு மீச வேண்டாம், நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுச்சு. இன்னைக்கு அது தலைல விடியுது."

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர்.

முதல் நாள் இந்த டைரியில் தொழில்நுட்பக் காரணங்கள் என்று ஒரு சொல் எழுதித் தாண்டிப் போனேன். அது இதுதான். பழைய பாகங்களில் மருதனின் மீசை ஒரே கட்டை மாதிரி, மேலே போகும், கீழே வரும். புது கேமில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக அசைய வேண்டும். என்னால் முடியவில்லை. காற்றடித்தால் இரண்டு நுனியும் மூக்குத் துவாரத்துக்குள் போயின. கோபம் ஏறினால் கண்ணில் குத்தின. படகுக் காட்சியில் மீசை முகத்தை விட்டுக் கிளம்பி, மருதனுக்கு முன்னால் கரை சேர்ந்தது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் "இன்னும் ரெண்டு வாரங்க" என்று சுடர்விழியிடம் சொன்னேன். என்னால் ஆகவில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மீசை இல்லை என்று ஏப்ரலில் அவர் அறிவித்தபோது உள்ளுக்குள் எனக்கு வந்தது நிம்மதி. அது எப்படி ஜூனில் கோபமாக மாறியது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை.

மருதனின் மீசையை எடுத்தது நான்.

ஜூலை 1, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மாடிப்படித் திருப்பத்தில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். "சுடர், ஒரு நிமிசம்" என்று தொடங்கினேன். முட்டை முதல் மீன் வியாபாரம் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவருடைய டீயில் ஆடை படிந்தது.

முடித்த பிறகு கேட்டார். "அந்த முட்டைப் படம் நீங்களா?"

"ஆமாங்க."

"அதப் பாத்துட்டு நானும் சிரிச்சேன். போன்ல எடுத்து வெச்சு எங்கம்மாகிட்டக் காமிச்சேன். யாரோ ரசிகர், உரிமையா கேலி பண்றார்னு." டம்ளரைப் படியில் வைத்தார். "மூணு நாள் போன்ல என்னென்ன கேட்டேன் தெரியுங்களா பிரகதீஷ்? என் பொண்ணு அம்முவோட ஸ்கூல் வேன் டிரைவர்கிட்ட, யார் என் பேரச் சொல்லிக் கேட்டாலும் அவங்க பொண்ணு இந்த வேன்ல வர்றதில்லைன்னு சொல்லிடுங்கன்னு சொல்லி வெச்சேன். அவ, ஏம்மா உன் பேரு தப்பான்னு கேக்குறா."

டம்ளர் உருளாமல் இருக்கச் சுவரோரம் தள்ளி வைத்தேன்.

"மீசை உங்களால ஆகலன்னு எனக்கு ஜனவரியிலயே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உக்காந்து வேற வழி பாத்திருக்கலாம்."

"சார்கிட்ட நான்..."

"நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்லிக் குடுக்க மாட்டேன். ஆனா உங்களுக்காக இன்னொரு தடவை பேசவும் மாட்டேன்."

படியிறங்கிப் போய்விட்டார். டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன். அது ஒன்றுதான் செய்ய முடிந்தது.

ஜூலை 2, புதன்

நாச்சிமுத்து சார் முழுதாகக் கேட்டார். மீசையை ஒரு பக்கம் மட்டும் நீவினார். அது நல்ல அறிகுறி இல்லை.

"திருநெல்வேலில மீன் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பிக் கேக்கச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழமை நேரலைல உக்காரு. மூஞ்சியக் காமிச்சுச் சொல்லு. மத்ததெல்லாம் கேம் வெளிய வந்தப்புறம் பாத்துக்கலாம்."

வேலையை விட்டு நிறுத்தாமல் விட்டாரே என்று வெளியே வந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நிறுத்தியிருந்தால் வெள்ளிக்கிழமை வந்திருக்காது.

ஜூலை 3, வியாழன்

மேகலாவிடம் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டைகளை மட்டும் மடிக்காமல் தனியாக ஒதுக்கி வைத்தாள்.

ஜூலை 4, வெள்ளி

காலை பதினொரு மணி. பத்தொன்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமரா முன்னால் நான் மட்டும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், மடிப்பு இல்லாமல்.

"வணக்கம்ங்க. என் பேரு பிரகதீஸ்வரன். மருதனோட மீசைக்குப் பொறுப்பு நான். கிடாமீசையும் நான்தான்."

ஓடிக்கொண்டிருந்த கருத்துகள் சட்டென்று நின்றன. இணைய இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

சுடர்விழி மீசையை எடுக்கவில்லை, நான் செய்த மீசை முகத்தில் நிற்கவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவர் பழியை எடுத்துக்கொண்டார், அவரை நீங்கள் திட்டிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு வர வேண்டியது, இப்போது சரியான விலாசத்துக்கு அனுப்புங்கள் என்று சொன்னேன். எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஆதாரம் காட்டினேன். ஏழு மாதத் தோல்வியில் பொறுக்கி எடுத்த ஒன்பது வீடியோத் துண்டுகள்.

முதல் துண்டில் மருதன் மலையுச்சியில் நிற்கிறான். காற்று வீசுகிறது. மீசை இரண்டும் நிதானமாக மூக்குக்குள் போகின்றன. அவன் முகத்தில் வீரம் குறையவேயில்லை.

கருத்துகள் மெல்லத் தொடங்கின. யாரோ, 'மூச்சு விடு மருதா' என்று எழுதினார்கள். கண்ணில் குத்தும் துண்டுக்கு, 'கோபம் கண்ணை மறைக்குது' என்றார் ஒருவர். படகுக் காட்சியில் மீசை தனியாகக் கரை சேர்ந்தபோது திரை முழுக்கச் சிரிப்பு முகங்கள். எட்டாவது துண்டை இன்னொரு தடவை போடச் சொல்லி நூறு பேர் கேட்டார்கள். அதில் மீசை புருவத்துக்கு ஏறி மூன்றாவது புருவமாகிவிடும்.

எல்லோரும் சிரிக்கவில்லை. கிடாமீசையை நம்பி மீசையை எடுத்தவர்கள் நியாயமாகவே கொதித்தார்கள். பொள்ளாச்சிக்காரர் இந்த முறை பெயரோடு எழுதினார்: 'பூச்சி நீதானா.' சுடர்விழியைப் பற்றி அசிங்கமாக எழுதியவர்களில் சிலர் அழித்தார்கள், சிலர் அழிக்கவில்லை. ஒரு அம்மா, தன் மகன் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்.

முடித்துவிட்டு வெளியே வந்தபோது சுடர்விழியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. பார்த்தாரா என்று தெரியாது.

கிடாமீசைக் கணக்கை மூடிவிட்டேன். அப்போது அதில் ஐம்பத்திரண்டாயிரம் பேர்.

ஜூலை 5, சனி

என் போன் எண்ணும் வெளியே போய்விட்டது. காலையிலிருந்து எழுபது அழைப்பு. எல்லாவற்றையும் எடுத்தேன். ஒருவர் திட்டாமல், படகுத் துண்டை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

எழுபத்தோராவது மச்சான்.

"மாப்ள. நீங்கதானா அது?"

"ஆமாங்க மச்சான்."

கடையில் கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"உசுரோட இருக்கற என்றப்பனுக்குத் துக்கம் விசாரிக்க வெச்சுட்டீங்களே."

"மன்னிச்சுக்குங்க மச்சான்."

"அவரு சந்தோசமாத்தான் இருக்காரு. யாரெல்லாம் வந்தாங்க, யாரெல்லாம் வரலைன்னு பட்டியல் போட்டு வெச்சிருக்காரு. வராதவங்களோட பேசறதில்ல." மறுபடி கிரைண்டர் சத்தம். "அந்தப் பொம்பளப் புள்ளையப் பத்தி நானும் ஒண்ணு எழுதிப்போட்டேன் மாப்ள. மோசமா இல்ல. ஆனா எழுதினேன். நேத்து அழிச்சுட்டேன்."

இரண்டு பேரும் ஒன்றாகவே போனை வைத்தோம்.

ஜூலை 9, புதன்

ரசிகர்களிடமிருந்து புதுக் கோரிக்கை. மருதன் மழித்த முகத்தோடே இருக்கட்டும், பரவாயில்லை. ஆனால் அந்த உடைந்த மீசையும் கேமில் வேண்டுமாம். பதினாறாயிரம் கையெழுத்து.

மீட்டிங்கில் எல்லோரும் சுடர்விழியைப் பார்த்தார்கள். அவர் யோசித்து, "செட்டிங்ஸ்ல ஒரு பொத்தானா வெச்சிடலாம். வேணுங்கறவங்க போட்டுக்கட்டும். அதனால கேம் நின்னுபோச்சுன்னா அது அவங்க பொறுப்பு" என்றார்.

"வர்ற புகாரையெல்லாம் யாரு பாக்கறது?" என்றார் நாச்சிமுத்து சார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. நானே கை தூக்கினேன். அன்றே என் மேசையைத் தண்ணீர் கேன் பக்கத்துக்கு மாற்றினார்கள். அனிமேஷன் பிரிவில் இனி என் பெயர் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

மேகலா இன்று என் சட்டை ஒன்றை மடித்தாள். ஒன்றுதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கேம் வெளியானது. மருதனின் கதையைப் பாராட்டி நிறைய வந்திருக்கிறது. பிடிக்கவில்லை என்றும் வந்திருக்கிறது. பத்தில் ஏழு பேர் மீசைப் பொத்தானைப் போட்டிருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு கேம் நின்றுபோயிருக்கிறது, அதைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொண்டாடுகிறார்கள்.

மதியம் மூன்று மணிக்கு என் திரையில் முந்நூற்று நாற்பது புகார்கள். ஒவ்வொன்றுக்கும் என் பெயரிலேயே பதில் போட்டுக்கொண்டு வந்தேன். அறுபதாவதில் கழுத்து வலித்தது. இந்த ஏழு வாரமாகச் சுடர்விழி என்னோடு பேசியது வேலைக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் பிரேமாக்கா மூலமாக. அதில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. மடிக்கணினியோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பாதிய எனக்கு அனுப்புங்க."

அனுப்பினேன். 'ஸ்டுடியோ குழு' என்ற பெயரில் பதில் போக ஏற்பாடு செய்து கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். "என் பேர்லயே போடறேன்."

முதல் புகார் திருப்பூர்க்காரருடையது. இருவருமே படித்தோம்: 'நாலாவது கோட்டையில் மருதன் மீசை பறந்துபோய் எதிரித் தளபதி மூஞ்சியில் ஒட்டிக்கொண்டது. இப்போது கோபம் அவனுக்கு ஏறுகிறது. முழுக்க எழுந்துவிட்டது. நான் என்ன செய்ய?'

சுடர்விழி இரண்டு விரலால் தட்டினார். 'ஓடுங்கள். இப்படிக்கு, சுடர்விழி, இயக்குநர்.'

அனுப்பிவிட்டு, "அடுத்தது" என்றார்.